யூனியாவும் மருமகனின் சளி டப்பாவும்

யூனியா நபோசா அந்த வார்டில் எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பாள். அவள் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் மருமகன் மயேகா மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பார். அவர் இருமும்போது இவள் தோள் ஒருமுறை குலுங்கும். ஆனால் திரும்ப மாட்டாள்.

எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் கை பட்ட தட்டைத் தொடுவதில்லை. ஒரே கூரைக்குக் கீழே படுப்பதில்லை. மகள் நாமுலியின் கல்யாணத்தன்றுகூட யூனியா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, மண்டியிட்டு, தரையைப் பார்த்தபடிதான் மருமகனுக்கு வாழ்த்துச் சொன்னாள். அவருடைய செருப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். முகம் தெரியாது.

அப்படிப்பட்டவள் அவருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்ததற்குக் காரணம், வேறு யாரும் இல்லை என்பதுதான். மயேகாவுக்குப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரே அண்ணன் எல்லைக்கு அந்தப் பக்கம் லாரி ஓட்டுகிறார், போன் எடுப்பதில்லை. நாமுலி ஓமானில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அங்கிருந்துதான் கூப்பிட்டாள்.

"அம்மா, நீதான் போகணும்."

"அடி பைத்தியமே, அவர் என் மருமகன்டி. நான் போய் அவரைக் குளிப்பாட்டவா?"

"நான் இங்க யாரோ ஒருத்தரோட அம்மாவைத்தான் தினம் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன். என் புருஷனுக்குத் தண்ணி குடுக்க ஒரு ஆள் இல்லையாம்மா?"

யூனியா போனை வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

போதகரிடம் போய்க் கேட்டாள். "வேதத்துல அப்படித் தடை ஒண்ணும் இல்லம்மா, தைரியமாப் போங்க" என்றார்.

"ஐயா, உங்க மாமியார் உங்க வீட்டுல ஒரு நாளாவது தங்கியிருக்காங்களா?"

போதகர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஜெபம் பண்ணலாம்" என்றார்.

யூனியாவுக்கு ஆஸ்பத்திரி புதிதில்லை. அவள் வாழ்க்கையில் பாதி அங்கேதான் போயிருக்கிறது. முதலில் அம்மா. பிறகு லாரி கவிழ்ந்து இடுப்பு ஒடிந்த தம்பி. பிறகு புருஷன். சொந்தத்தில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும், "யூனியாவைக் கூப்பிடு, அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்பார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எந்தக் குழாயில் காலையில் தண்ணீர் வரும், எந்த நர்ஸிடம் எந்த நேரத்தில் பேசலாம், கரி அடுப்பை எந்த மரத்தடியில் வைத்தால் காவலாளி விரட்ட மாட்டான் என்பவைதான். பாய், தண்ணீர்ச் சட்டி, ஃபிளாஸ்க், சோப்பு எல்லாம் ஒரு மூட்டையாக அவள் வீட்டில் எப்போதும் தயாராக இருக்கும். கடைத்தெருவில் அவளுடைய தையல் மெஷின் இருக்கிறது. பள்ளிக்கூடச் சட்டைகள் தைப்பாள். யாராவது படுத்துவிட்டால் மெஷின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டுக் கிளம்புவாள். இந்த முறை மூடும்போது, 'ஆண்டவரே, களைப்பா இருக்கு' என்று மட்டும் சொன்னாள். அவளுடைய ஜெபங்கள் வர வரச் சின்னதாகிவிட்டன.

வார்டில் அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் ஒக்வேரா என்ற முதியவர் இருந்தார். வடக்கே அச்சோலி நாட்டுக்காரர், நகரத்தில் காவலாளி வேலை பார்த்தவர். அவருக்குத் துணையாக மகள் அச்சிரோ இருந்தாள். வாட்டசாட்டமான பெண். உரக்கச் சிரிப்பாள். மருமகனுக்குச் சோறு கொடுப்பது, முகம் துடைப்பது, எழுப்பி உட்காரவைப்பது எல்லாவற்றையும் அவள் கையால் செய்து கொடுத்தாள். பதிலுக்கு யூனியா இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்தாள், இரண்டு நோயாளிகளின் துணியையும் துவைத்தாள். அந்தி சாய்ந்ததும் பாயை எடுத்துக்கொண்டு வெளித் தாழ்வாரத்துக்குப் போய்விடுவாள், ஒரே கூரை வேண்டாம் என்று.

"அச்சிரோ, கஞ்சி குடிச்சாரான்னு கேளு" என்பாள் சுவரைப் பார்த்து.

"கஞ்சி குடிச்சீங்களா?"

"குடிச்சேன்னு சொல்லுங்க" என்பார் மயேகா, இரண்டு மூச்சு வாங்கி.

"குடிச்சாராம்."

"வாய்க்கு நல்லா இருந்துச்சான்னு கேளு."

"நடுவுல நான் என்ன டெலிபோன் கம்பியா? நீங்க பேசறது அவருக்குக் கேக்குது. அவரு பேசறது உங்களுக்குக் கேக்குது. எனக்குத்தான் தொண்டை வத்திப்போச்சு."

"கோவிச்சுக்காதேடி. வழக்கம்."

"எங்க ஊர்ல மருமகன் மாமியார் வயல்ல இறங்கிக் களை எடுக்கணும். திரும்பிப் பாக்காம எப்படிம்மா வேலை வாங்கறது?"

மயேகா சிரிக்கப் பார்ப்பார். சிரிப்பு இருமலாகிவிடும். அந்த இருமல் வறட்டு இருமல். எதுவும் வெளியே வராது. காய்ந்த வாழைச் சருகைக் கசக்குகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பிறகு நீண்ட மூச்சிரைப்பு. கழிப்பறைக்கு நடந்து போய்த் திரும்பினால் உதடு நீலம் பாய்ந்துவிடும் என்று அச்சிரோ சொல்வாள்.

அவருக்கு என்ன நோய் என்று பார்க்கச் சளி வேண்டும். சிஸ்டர் கெவினா ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, காலையில் வெறும் வயிற்றில் நெஞ்சிலிருந்து காறித் துப்பி எடுத்து வரச் சொன்னாள். டப்பா இப்படித்தான் பயணம் போகும்: மயேகா வாயிலிருந்து அச்சிரோ கைக்கு. அவள் மூடியைத் திருகி, ஒரு துணித் துண்டில் சுற்றி, யூனியா முதுகுக்குப் பின்னால் நீட்டிய கையில் வைப்பாள். யூனியா அதைப் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சிஸ்டரிடம் கொடுப்பாள். மருமகனின் எச்சில் மாமியார் கண்ணில் படக்கூடியதா என்ன?

முதல் நாள் டப்பா திரும்பி வந்தது. மறுநாளும் வந்தது.

"இது எச்சில். நான் கேட்டது சளி" என்றாள் சிஸ்டர். அவளும் பாவம், ஒரு வார்டு முழுவதற்கும் ஒருத்தி. "எத்தனை தடவை சொல்றது? சாம்பிள் இல்லாம டாக்டர் என்ன மந்திரமா போடுவாங்க? வெறும் டப்பாவோட இனிமே என் முன்னாடி வராதீங்க."

யூனியா வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் அச்சிரோ கையில் வைத்த டப்பா கொஞ்சம் கனமாக இருந்தது. 'ஆண்டவரே, உமக்கு நன்றி' என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள் யூனியா. சிஸ்டர் பிரித்துப் பார்த்து, "ஆங், இதுதான்" என்றாள்.

பரிசோதனை மெஷினில் போட்டுப் பார்த்ததில் காசநோய் என்று வந்தது. ஒக்வேராவுக்கும் அதேதான். இருவரையும் காசநோய் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கேயும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்கள். யூனியாவுக்கு வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. பெயர் தெரிந்துவிட்டது, மாத்திரை இருக்கிறது, முழுங்கினால் குணமாகிவிடும். நாமுலிக்கு அப்படியே சொன்னாள். அந்தப் பக்கம் நாமுலி அழுதாள்.

ஆனால் மயேகாவுக்குக் குணமாகவில்லை. ஒக்வேரா எழுந்து உட்கார்ந்து மீன் கேட்க ஆரம்பித்தார். மயேகாவால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டினார்கள். டாக்டர் பபிரியே என்று ஒரு டாக்டரம்மா இருந்தார். இளம் வயதுதான், இருந்தாலும் கண்ணுக்குக் கீழே கருவளையம். அவர் வந்து நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். விரலில் மாட்டும் சின்னக் கருவியை மாட்டி, ஆக்சிஜனைக் கழற்றி, கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடக்கச் சொன்னார். பாதியிலேயே கருவி கத்தியது.

"படம் எனக்குப் பிடிக்கல" என்றார். "ரெண்டு பக்கமும் மரவள்ளி மாவு தூவின மாதிரி இருக்கு. டி.பி. இப்படியும் வரலாம். ஆனா..." பிறகு மயேகாவிடம் குனிந்து, "தினம் போடற மாத்திரையை விட்டுட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எந்த மாத்திரை என்று எங்கள் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, எய்ட்ஸுக்கு ஆயுசு முழுக்கப் போடுகிற மாத்திரை. சுவரைப் பார்த்திருந்த யூனியாவுக்கு அன்றுதான் தெரியும், மருமகன் அந்த மாத்திரைக்காரர் என்று. நாமுலிக்குத் தெரிந்தே கல்யாணம் நடந்திருக்கிறது.

"விட்டுட்டேன்" என்றார் மயேகா. "அவ போனப்புறம். ஆள் ஏத்தற மோட்டார்சைக்கிள் சவாரியை விட்டுட்டு ஆஸ்பத்திரி வரிசையில நிக்க முடியல. வீட்டுலயும் 'போட்டீங்களா'ன்னு கேக்க ஆள் இல்ல."

யூனியாவுக்குக் கோபம் வந்தது. அவள் புருஷனும் அதே நோயில்தான் போனார். அந்தக் காலத்தில் மாத்திரை இல்லை. இதே மாதிரி ஒரு கட்டிலில், இதே மாதிரி வறட்டு இருமலோடு, நெஞ்சில் என்ன என்று ஒருவருக்கும் தெரியாமலே போனார். மாத்திரை கையில் இருந்தும் இந்த மனிதர் விட்டிருக்கிறாரே என்று நினைத்தாள். ஆனால் கோபத்தைப் பிடித்து நிறுத்திக்கொள்ளக்கூட அவளிடம் தெம்பு இல்லை. அது வந்த வழியே போய்விட்டது.

"எனக்கு வேற ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார் டாக்டரம்மா, தனக்குத்தானே சொல்வது போல. "ஆனா மெஷின் டி.பி.ன்னு அடிச்சுச் சொல்லிடுச்சு. மருந்து வேலை செய்ய நாள் ஆகும். பாப்போம்."

அன்று மதியம் குழாயடியில் யூனியாவும் அச்சிரோவும் துணி துவைத்தார்கள். யூனியா ஒரே சட்டையையே தேய்த்துக்கொண்டிருந்தாள். அச்சிரோதான் பேச்செடுத்தாள்.

"மனசை விடாதீங்க நாமுலி அம்மா. எனக்கும் ஒண்ணும் புரியல. ஒரே மாத்திரை, ஒரே சளி. எங்கப்பா மட்டும் எந்திரிச்சு மீனு வேணும்கறாரு."

யூனியாவின் கை சோப்பு நுரைக்குள் நின்றது.

"ஒரே சளியா?"

அச்சிரோவும் நிறுத்தினாள். பிழியாத சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்னடி சொன்ன?"

"அன்னிக்குச் சிஸ்டர் உங்களை அப்படித் திட்டினாங்கல்ல. நீங்க சுவரைப் பாத்து உக்காந்து கண்ணைத் துடைச்சீங்க. எனக்கு மனசு கேக்கல. எங்கப்பாவுக்குத்தான் காலையில அவ்வளவு கொட்டுதே. அவரு டப்பாவுல கொஞ்சம், உங்க மருமகன் டப்பாவுல கொஞ்சம்னு பிரிச்சு வெச்சேன். உங்க மருமகன் அசந்து தூங்கிட்டு இருந்தாரு. அவருக்கே தெரியாது." அவள் குரலில் குற்றம் செய்த தொனி இல்லை. அடுப்புக்கு நெருப்பு கேட்ட பக்கத்து வீட்டுக்கு ஒரு கங்கு கொடுத்தது மாதிரிதான் சொன்னாள். "சளின்னா சளிதானே? ரெண்டு பேரும் ஒரே இருமல்தானே இருமுனாங்க?"

யூனியா குழாயடிக் கல்லில் உட்கார்ந்தாள். அச்சிரோவைத் திட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. டப்பா கனத்ததும் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. கண்ணால் ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வறட்டு இருமல்காரர் நெஞ்சிலிருந்து அவ்வளவு மஞ்சள் சளி எப்படி வரும்? மரியாதைக்காகப் பார்க்காமல் இருந்தாள். அந்த மரியாதை மருமகனை வேறு ஒருவருடைய நோய்க்கு மாத்திரை முழுங்க வைத்துவிட்டது.

"சொல்லிடுவீங்களா?" அச்சிரோ முகம் இப்போதுதான் வெளுத்தது. "எங்கப்பாவை வெளிய தள்ளிட்டா?"

"டப்பாவைக் கொண்டு போனது நான்டி. நான் பாக்கலைன்னு சொல்வேன். உண்மை அதுதானே."

துணியை அப்படியே சட்டியில் விட்டுவிட்டு ஈரக் கையோடு போனாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அச்சிரோ வந்துகொண்டிருந்தாள். "நீங்க பாதி சொன்னா டாக்டருக்குப் புரியாது" என்றாள், கோபம் போலக் குரலை வைத்துக்கொண்டு.

டாக்டர் பபிரியே நின்றபடியே கேட்டார். முதலில் அச்சிரோவைப் பார்த்து ஏதோ கத்த வாயெடுத்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"அந்த டப்பாவை நம்பித்தானே நான் தேடறதை நிறுத்தினேன்" என்றார். "டி.பி. இல்லாத மனுஷனா இருந்தா, அவரைக் கொண்டு வந்து டி.பி.க்காரங்க நடுவுல படுக்க வெச்சிருக்கேன்."

யூனியா மண்டியிட்டாள். "டாக்டரம்மா, அப்ப அவருக்கு என்ன?"

"பூஞ்சையா இருக்கும்னு நினைக்கிறேன். ரொட்டி மேல பூக்குமே, அந்தக் குடும்பத்துல ஒண்ணு. காத்துல இருக்கு. நீங்களும் நானும் தினம் மூச்சுல இழுக்கறோம், நம்மளை ஒண்ணும் செய்யாது. உடம்புல காவல் தூங்கிட்டா உள்ள போய்க் குடியேறிடும். நெஞ்சோட அடி ஆழத்துல இருக்கும். அதனாலதான் இருமினா வெளிய வரல. நம்ம மெஷின் டி.பி.யை மட்டும்தான் தேடும். இதுக்கு ஆழத்துல இருந்து எடுத்து, தனிச் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாக்கணும். மருந்து என்ன தெரியுமா? செப்ட்ரின். அலமாரி முழுக்க இருக்கு. அளவைக் கூட்டிக் குடுக்கணும், அவ்வளவுதான்."

"செப்ட்ரினா?" எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தவர், அடிபட்டவர் எல்லார் வீட்டிலும் கிடக்கிற மாத்திரை அது.

"இப்பவே ஆரம்பிச்சிடுவேன், காத்திருக்க மாட்டேன். ஆனா என்னன்னு தெரியாம டி.பி. மருந்தை நிறுத்தவும் முடியாது. அவர் இருக்கற இருப்புல ரெண்டையும் ஈரல் தாங்குமான்னும் தெரியல. அவரோட சொந்தச் சளி எனக்கு வேணும். உப்புத் தண்ணியைப் புகையாக்கி இழுக்க வெச்சா வரும். வெளியில, வெட்டவெளியில வெச்சுச் செய்யணும். நிமிர்த்திப் பிடிச்சுக்க ஒருத்தர் வேணும். கண்ணெடுக்காம முகத்தையே பாக்கணும், உதடு நீலமானா உடனே நிறுத்தணும். சிஸ்டர் மெஷினைப் போட்டுட்டு வார்டுக்கு ஓடிடுவாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது."

"நான் பிடிக்கிறேன்" என்றாள் அச்சிரோ.

"நீ அந்த டப்பாப் பக்கமே வரக்கூடாது" என்றார் டாக்டரம்மா. மூன்று பேருக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது. களைத்துப்போனவர்களின் சிரிப்பு, சத்தம் வரவில்லை.

"நானே பிடிக்கிறேன்" என்றாள் யூனியா.

டாக்டர் பபிரியேயும் எங்கள் மக்களில் பிறந்தவர்தான். அவருக்குத் தெரியும். மாமியாரும் மருமகனும் தொட்டால் ஒபுகோ வரும் என்பார்கள். கை நடுங்க ஆரம்பிக்கும், சாகும்வரை நிற்காது. படித்தவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் நடுங்குகிற கையோடு ஒரு கிழவி தெருவில் போனால், அந்தப் படித்தவர்களும் அவளுடைய மருமகனை ஒருமுறை நினைத்துக்கொள்வார்கள்.

"உங்க தொழில் தையல்" என்றார் டாக்டரம்மா மெதுவாக.

"ஆமா."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கறதுக்கு எனக்குத் தெம்பில்லம்மா. யோசிச்சா மாட்டேன்னு சொல்லிடுவேன்."

மயேகாதான் ஒப்புக்கொள்ளவில்லை. விஷயத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார். அச்சிரோவை நடுவில் வைக்காமல் நேரே யூனியாவின் முதுகைப் பார்த்துப் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் முறை.

"அத்தே, வேண்டாம். உங்க கை... அது போனா நாமுலிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

யூனியா திரும்பினாள். அவ்வளவு நாள் சுவரையே பார்த்த கழுத்து வலித்தது. கட்டிலில் இருந்தது ஒட்டிய கன்னமும் பெரிய கண்களும் கொண்ட ஒரு முகம். இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டு. இவ்வளவு சின்ன வயதா இவருக்கு என்று நினைத்தாள். செருப்பை வைத்து வயதில் பெரியவர் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மருமகனே, நீங்க போயிட்டா மட்டும் நான் நாமுலிக்கு என்ன பதில் சொல்வேன்? உங்க மாமனாரையும் நான்தான் பாத்துக்கிட்டேன். நெஞ்சுல என்னன்னு தெரியாமலே அவரை மண்ணுல வெச்சேன். இன்னொருத்தரை அப்படி வைக்க என்னால முடியாது. எந்திரிங்க."

பலாமரத்துக்குப் பக்கத்தில் வெயிலில் ஒரு நாற்காலி போட்டார்கள். பக்கத்திலேயே ஆக்சிஜன் உருளையும் வைத்தார்கள். சுவர் மேல் பெருநாரைகள் கழுத்தை மடக்கிக்கொண்டு நின்றன. சிஸ்டர் கெவினா யூனியாவுக்கு முகக்கவசம் மாட்டிவிட்டு, உப்புநீர் மெஷினை ஓடவிட்டு, "வாயை நல்லாக் கொப்புளிக்கச் சொல்லுங்க. நல்ல மூச்சா இழுக்கணும். வந்தா டப்பா, வரலைன்னா ஓய்வு, மறுபடி. எனக்கு உள்ள ஊசி போட ஆள் நிக்குது" என்று போய்விட்டாள்.

யூனியா ஒரு கையை அவர் முதுகுக்குக் கொடுத்தாள். சட்டைக்கு மேலேயே விலா எலும்புகளை எண்ணலாம் போல இருந்தது. முதலில் தொட்டபோது இருவர் உடம்பும் விறைத்தது. பிறகு புகை நெஞ்சுக்குள் இறங்க, அவருக்கு இருமல் பிடித்தது. இருமலில் கூச்சமெல்லாம் எங்கே நிற்கும்? அவர் தலை அவள் தோளில் விழுந்தது. யூனியா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், டாக்டரம்மா சொன்னபடி. உதடு கறுத்ததும் புகையை விலக்கினாள், குழாயை மூக்கில் வைத்தாள், முதுகைத் தடவினாள். தெளிந்ததும் மறுபடி புகை.

"போதும் அத்தே."

"இன்னும் ஒரு தடவை."

"நெஞ்சு எரியுது."

"தெரியுதுப்பா. இன்னும் ஒரு தடவை."

நீங்கள் என்பது எப்போது 'அப்பா' ஆயிற்று என்று அவளுக்கே தெரியாது. வெயில் மரத்தின் அந்தப் பக்கம் போய்விட்டது. ஒன்றும் வரவில்லை. இரண்டு பேரும் நனைந்த துணி மாதிரி ஆகிவிட்டார்கள். 'ஆண்டவரே' என்று மட்டும் சொன்னாள் யூனியா. அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஆண்டவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாள்.

கடைசியில் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய ஒரு இருமல், அதன் முடிவில் கொஞ்சம் நுரை, நுரைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு துளி. ஒக்வேராவின் மஞ்சள் சளிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. யூனியா டப்பாவை அவர் உதட்டோரம் பிடித்து வாங்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். மூடியைத் திருகினாள். துணியில் சுற்றவில்லை. வெறும் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, நடைபாதை முழுவதும் நடந்து பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தாள்.

மயேகாவின் கட்டிலைக் காசநோய் வார்டிலிருந்து எடுத்துத் தாழ்வாரத்துக் கோடியில், காற்று வருகிற இடத்தில் போட்டார்கள். அச்சிரோவை யாரும் விரட்டவில்லை. சிஸ்டர் மட்டும் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னைக்கு யாருக்காவது எதையாவது தானம் பண்ணியா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

மறுநாள் மதியம் டாக்டர் பபிரியே வந்தார். "இருக்கு" என்றார். "சாயம் போட்டுப் பாத்ததுல கொத்துக் கொத்தா மினுங்குது. பூஞ்சைதான். இவரோட சளியில டி.பி. இல்ல. அந்த மாத்திரையை நிறுத்திடலாம்."

யூனியா ஏதோ சொல்ல நினைத்தாள். அதற்குள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள். டாக்டரம்மா எழுப்பாமல் போனார்.

குணமாவது அவசரப்படாமல் வந்தது. சில நாள் முன்னேயும் சில நாள் பின்னேயும் போயிற்று. ஒரு நாள் காலையில் மயேகா கழிப்பறைக்குத் தானே போய்த் திரும்பி, "அச்சிரோ, அத்தையைக் கேளுங்க, வாழைக்காய் மடோக்கே இருக்கான்னு" என்றார். யூனியா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவர் நடக்க ஆரம்பித்த அன்றே மறுபடி திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, மறுபடியும் டெலிபோன் கம்பியா?" என்று அச்சிரோ தலையில் அடித்துக்கொண்டாள். "கட்டிப் பிடிச்சு இருமினப்ப எங்க போச்சு உங்க வழக்கம்?"

"அப்ப அவர் நோயாளிடி. இப்ப மருமகன்" என்றாள் யூனியா.

ஊருக்குத் திரும்பியதும் மெஷின் மேலிருந்த துணியை எடுத்தாள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், வேலை குவிந்து கிடந்தது. ஊசியில் நூல் கோக்கப் போனாள். நூல் ஊசியின் கண்ணுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போயிற்று. கையைக் கீழே வைத்தாள். விரல்களைப் பார்த்தாள். ஆடத்தான் செய்தன, லேசாக. அவ்வளவு நாள் சரியாகத் தூங்காதவள் கை ஆடாமல் என்ன செய்யும்? அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். வேறு மாதிரியும் நினைத்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு தெருவில் போகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முனையை வாயில் நனைத்து மறுபடி நீட்டினாள். நூல் கண்ணுக்குள் போய்விட்டது.

மயேகா வந்தபோது மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. மோட்டார்சைக்கிளைத் தெருவோரம் நிறுத்திவிட்டு, கடைக்குள் வராமல், கதவுக்கு அந்தப் பக்கம் திண்டில் உட்கார்ந்து வணக்கம் சொன்னார். யூனியா மெஷினை விட்டு எழுந்து கதவுக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டுப் பதில் சொன்னாள். ஊர் சுகமா, மழை சுகமா, நாமுலி கூப்பிட்டாளா என்று எல்லாம் முறையாகக் கேட்டு முடித்தார்கள்.

"மாத்திரை போடறீங்களா?" என்றாள் யூனியா கதவைப் பார்த்து.

"போடறேன் அத்தே. நாமுலி தினம் அங்கிருந்து போன் பண்ணிக் கேக்கறா. முழுங்கற சத்தம் கேக்கணுமாம்."

"நல்லது."

தகரக் கூரையில் மழை விழுந்தது. மயேகா ஒருமுறை இருமினார். ஈரக் காற்றோ என்னவோ, சின்ன இருமல்தான். ஆனால் யூனியா கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டாள். அவர் உதட்டைத்தான் பார்த்தாள். நீலம் இல்லை. இருவரும் சட்டென்று வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"அத்தே" என்றார் அவர் மழையைப் பார்த்து. "உங்க கை?"

யூனியா விரல்களைப் பார்த்துக்கொண்டாள். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"களைச்சா கொஞ்சம் ஆடுது" என்றாள். "தைக்க முடியுது."

அவர் தலையைக் குனிந்துகொண்டதைக் கதவிடுக்கு வழியாகச் செருப்பின் அசைவிலேயே தெரிந்துகொண்டாள். "மழை விட்டதும் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். ஒரு சட்டைக்குக் காலர் பாக்கி இருந்தது. மிதிக்கத் தொடங்கினாள்.